ஒலி வருகிறது, படம் வரவில்லை: வீடியோ கோப்புகள் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றில் பலவும் ஒரே முறையீட்டைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன என்பது தெரிந்தது: கேமராவின் சிறு திரையில் பளிச்சென்று ஓடுகிற படம், கணினியில் எடிட்டிங் மென்பொருளுக்குள் வந்ததும் மக்கர் செய்கிறது. வீடியோ எப்போது கைக்கு வரும் என்று கல்யாண வீட்டார் தொலைபேசியில் நச்சரிக்கும் காலம் இது என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (தாராவி வாசகர்): பொங்கலன்று 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிட்டதைப் புதிய கேமராவில் 4கே தரத்தில் எடுத்தேன். விண்டோஸ் கணினியில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்துகிறேன். ஒலி மட்டும் கேட்கிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் 'மீடியா ஆஃப்லைன்' என்கிறது. பழைய கேமராவின் எம்.பி.4 கோப்புகள் இதே கணினியில் ஒழுங்காக ஓடுகின்றன, இதுவும் எம்.பி.4தான். லேமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார். மாற்றலாமா, ஐயா?

பதில்: கார்டை இப்போது வாங்காதீர்கள். உங்கள் கணினியிலும் பழுதில்லை, கேமராவிலும் பழுதில்லை. இரண்டு கோப்புகளின் பெயரும் எம்.பி.4 என்று முடிவதால் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிட்டீர்கள். எம்.பி.4 என்பது படத்தின் வகை அன்று. படத்தையும் ஒலியையும் சேர்த்து அடைத்து வைக்கும் டப்பா. மும்பையில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. டப்பாவாலா சுமந்து செல்லும் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் குறி, அது எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே இருப்பது தயிர்சாதமா சப்பாத்தியா என்பதைச் சொல்லாது.

உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கிய முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் 2003-இல் தரப்படுத்தப்பட்ட எச்.264, 2013-இல் வந்த எச்.265 ஆகிய இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. கோடெக்கின் பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் போதாது, ஏனெனில் ஒரே எச்.264-க்குள்ளேயே பல தரங்கள் உண்டு. உங்கள் பழைய கேமரா 8-பிட், 4:2:0 என்ற தரத்தில் பதிவு செய்திருக்கும். அதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள், வண்ணத் தகவலோ அகலத்திலும் உயரத்திலும் பாதிப் பாதியாகக் குறைக்கப்பட்டது. புதிய கேமராக்கள் 10-பிட், 4:2:2 என்ற தரத்தையும் தருகின்றன. அதில் 1024 படிநிலைகள், வண்ணத் தகவல் அகலத்தில் மட்டுமே பாதி. அடுப்புப் புகையின் சாம்பல் நிறமும் விடியற்கால வானத்தின் வெளிர்நீலமும், வண்ணம் திருத்தும்போது பட்டை பட்டையாகப் பிரியாமல் இருப்பதற்கு இந்தத் தரம் பெரிதும் கைகொடுக்கும். ஆனால் இதைத் திறந்து காட்டும் வசதி எல்லா மென்பொருளிலும் இருப்பதில்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பு விண்டோஸில் 10-பிட், 4:2:2 தரத்திலான எச்.264, எச்.265 படங்களைத் திறப்பதில்லை. கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில்தான் அது உண்டு. இது உரிமத்தோடு வரும் வரம்பு என்பதால், எந்த கார்டைச் செருகினாலும் நகராது.

நான் ஊகத்தில் சொல்வதாக நீங்கள் நினைக்கக்கூடாது; நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஓடுகிற பழைய கோப்பு ஒன்றையும் ஓடாத புதிய கோப்பு ஒன்றையும் அதில் இழுத்துப் போட்டு, 'ட்ரீ' என்ற காட்சியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். வீடியோ என்ற தலைப்பின் கீழ் 'ஃபார்மட்' என்ற வரியில் ஏ.வி.சி. என்றிருந்தால் அது எச்.264, எச்.இ.வி.சி. என்றிருந்தால் எச்.265. சற்றுக் கீழே 'குரோமா சப்சாம்ப்ளிங்', 'பிட் டெப்த்' என்று இரண்டு வரிகள் இருக்கும். பழையதில் 4:2:0, 8 என்றும் புதியதில் 4:2:2, 10 என்றும் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. எனக்கு எழுதும் வாசகர்கள் கேமராவின் பெயரையும் விலையையும் எழுதுவதைவிட, இந்த நான்கைந்து வரிகளைப் பார்த்து எழுதினால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

எடுத்துவிட்ட படத்தைக் காப்பாற்ற, அதை எடிட்டிங்குக்கு ஏற்ற வேறு கோடெக்குக்கு மாற்றவேண்டும். ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைச் சேர்த்து, புரோரெஸ் 422 அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். வகையில் எச்.க்யூ.எக்ஸ். என்பதைத் தேர்ந்தெடுங்கள், இரண்டுமே 10-பிட், 4:2:2 தரத்தைக் குறைக்காமல் காப்பவை. எச்.264, எச்.265 போன்றவை பொதுவாக ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு தனிப்படத்தை, முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பல ஃபிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் குறித்து வைப்பவை. ஆகவே நடுவில் உள்ள ஒன்றைக் காட்டவேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் உள்ளவற்றையும் கணினி பிரித்தாக வேண்டும். புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தே நிற்கும். துண்டுகளை அடுக்கும் பட்டையான டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்தால் கையோடு படம் வரும்.

இடம்தான் இடிக்கும். கேமரா விநாடிக்கு 140 மெகாபிட் என்ற அளவில் எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 63 கிகாபைட் ஆகும். அதே ஒரு மணி நேரம், விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்ட 4கே புரோரெஸ் 422 ஆக மாறினால் சுமார் 221 கிகாபைட், எல்.டி. என்ற அடுத்த படியில் சுமார் 154. ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். வி.எல்.சி. பிளேயரில் அசல் கோப்புகள் ஓடும். அங்கே பார்த்து, பானை பொங்கி வழியும் நேரம், குலவைச் சத்தம், குழந்தைகள் கரும்பு கடிப்பது என்று தேவையானவற்றைக் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

பிராக்ஸி செய்தால் போதுமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். பிராக்ஸி என்பது எடிட் செய்வதற்காக மட்டும் உண்டாக்கும் சிறிய நகல். கடைசியில் மென்பொருள் அசல் கோப்புக்குத் திரும்பிப் போகும். உங்கள் மென்பொருளால் அசலைத் திறக்கவே முடியாது என்பதால், வேலையெல்லாம் முடித்துவிட்டு ஏற்றுமதி செய்யும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அசல் திறக்கிறது, ஆனால் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்பவர்களுக்குத்தான் பிராக்ஸி மருந்து.

கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. கட்டணப் பதிப்புக்கோ பிரீமியர் புரோ என்ற வேறு எடிட்டிங் மென்பொருளுக்கோ மாறினால், கணினியின் வன்பொருள் நிச்சயம் கணக்குக்கு வரும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் வந்த கோர் ப்ராசஸர்களின் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸ், 10-பிட் 4:2:2 எச்.265 படத்தைத் தானே பிரித்துவிடும். ஆனால் மாடல் எண்ணின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும் ப்ராசஸரில் அந்த உள்கட்டமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. விலை சற்றுக் குறைவு என்று அதை வாங்கி வந்து ஏமாந்தவர்களை நான் அறிவேன். என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் 4:2:2 படத்தைப் பிரிக்கும் வசதி சேர்ந்தது. அதற்கு முந்தைய வரிசையில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டை வாங்கினாலும் இந்த வேலைக்கு அது பார்வையாளர்தான்.

அடுத்த பொங்கலுக்கு என் யோசனை: படம் வாட்ஸ்அப்பிலும் யூட்யூபிலும்தான் போகப்போகிறது, பெரிதாக வண்ணம் திருத்தப் போவதில்லை என்றால், கேமராவின் மெனுவில் 8-பிட், 4:2:0 என்பதைத் தேர்ந்தெடுத்து எடுங்கள். வண்ணத்தை வெளிறலாகப் பதியும் லாக் முறையில் எடுத்து, பிறகு நிதானமாக வண்ணம் சேர்ப்பவர்களுக்கு 10-பிட் அவசியம். மற்றவர்களுக்கு அது சுமை.

கேள்வி (செம்பூர் வாசகி): எங்கள் மகளின் அரங்கேற்றத்தில் வர்ணத்தை மட்டும் ஆண்ட்ராய்டு கைபேசியை முக்காலியில் நிறுத்தி 40 நிமிடம் இடைவிடாமல் எடுத்தோம். கைபேசியில் பார்த்தால் சரியாக இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் போட்டால், தொடக்கத்தில் திரிகால ஜதி பொருந்துகிறது. சரண ஸ்வரங்களுக்கு வரும்போது கால் தரையில் விழுந்த பிறகுதான் நட்டுவாங்கத் தாளத்தின் சத்தம் கேட்கிறது. ஒலியை நகர்த்திச் சரிசெய்தால் அந்த இடம் சரியாகி, முன்னால் சரியாக இருந்த இடம் கெடுகிறது. நட்டுவனார் பார்த்தால் என் மகள் தாளம் தப்பியதாக நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மகள் தாளம் தப்பவில்லை, தப்பியது மென்பொருளின் கணக்கு. கைபேசிகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வீதத்தில் பதிவு செய்கின்றன. விநாடிக்கு 30 ஃபிரேம் என்று திரையில் காட்டினாலும், மேடையில் விளக்கைக் குறைக்கும்போதோ கைபேசி சூடேறும்போதோ அது 29, 28 என்று இறங்கிப் பிறகு ஏறும். ஒவ்வொரு ஃபிரேமும் எந்தக் கணத்தில் காட்டப்படவேண்டும் என்ற நேரக்குறிப்பு கோப்பில் இருக்கிறது. கைபேசியின் பிளேயர் அந்தக் குறிப்பை மதித்து ஓட்டுவதால் அங்கே எல்லாம் பொருந்துகிறது. சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைப் பொருட்படுத்தாமல், விநாடிக்குச் சரியாக 30 என்று வைத்துக்கொண்டு ஃபிரேம்களை அடுக்கிவிடுகின்றன.

40 நிமிடத்துக்கு விநாடிக்கு 30 வீதம் 72,000 ஃபிரேம்கள் இருக்கவேண்டும். உங்கள் கைபேசி 71,880 மட்டுமே எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 120 ஃபிரேம்கள்தான். ஆனால் அவற்றை நெருக்கி அடுக்கினால் படம் 39 நிமிடம் 56 விநாடியில் முடிந்துவிடும், ஒலியோ 40 நிமிடம் ஓடும். கடைசியில் நான்கு விநாடி வித்தியாசம். அதனால்தான் கால் முந்துகிறது, தாளம் பிந்துகிறது. குறைவு எல்லா இடத்திலும் சமமாக நிகழாமல் விளக்கு மங்கிய இடங்களில் கூடுதலாக நிகழ்ந்திருப்பதால், ஒலியை மொத்தமாக நகர்த்தினாலோ இழுத்து நீட்டினாலோ ஒருநாளும் பொருந்தாது. நீங்கள் செய்து பார்த்த வேலை வீணானது உங்கள் பிழையால் அன்று.

மீடியாஇன்ஃபோவில் 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருக்கும். முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பக்கத்தில் ஃபிரேம் வீதத்தை 30 என்று தேர்ந்தெடுத்து, அதன் கீழ் 'கான்ஸ்டன்ட்' என்பதைக் குறியிடுங்கள். 'பீக்' என்பது முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். அதை மாற்ற மறந்துவிட்டு, மென்பொருளையே திட்டுகிறவர்கள் பலர். தரத்துக்கான எண்ணை 16 அல்லது 18-க்குக் கொண்டுவாருங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். மாற்றி முடித்ததும் டைம்லைனில் போட்டு, நேராகக் கடைசி நிமிடத்துக்குப் போய், ஒரு ஜதி முடியும் இடத்தில் பாதம் தரையைத் தொடும் ஃபிரேமையும் ஒலி அலையில் தாளத்தின் கூர்முனையையும் ஒப்பிடுங்கள். அங்கே பொருந்தினால் எல்லா இடத்திலும் பொருந்தும்.

ஷாட்கட் என்ற இலவச எடிட்டர் இப்படிப்பட்ட கோப்பைக் கண்டதும் மாற்றட்டுமா என்று தானே கேட்கும், சம்மதித்தால் போதும். பிரீமியர் புரோவின் இப்போதைய பதிப்புகளும் மாறும் வீதத்தைப் புரிந்துகொள்கின்றன. இரண்டையும் பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அரங்கத்தில் உறவினர்கள் எடுத்த துண்டுகளையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அவற்றை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது மறுபடி சுருக்கிச் சாறு பிழிந்த சக்கையாகத்தான் அனுப்பும். 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்பினால் அசல் கோப்பு அப்படியே வரும். 2 கிகாபைட் வரை இடமுண்டு. கேமராக்காரர் 25 ஃபிரேமிலும் நீங்கள் 30 ஃபிரேமிலும் எடுத்திருந்தால், இரண்டையும் ஒரே டைம்லைனில் வைக்கும்போது கைபேசிப் படத்தில் அசைவு சற்று வெட்டி வெட்டித் தெரியும். ஐபோனில் கேமரா அமைப்புகளில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' (PAL) என்ற தேர்வை இயக்கினால் 25 ஃபிரேம் கிடைக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபத்து விளக்குகள் படத்தில் துடிக்காமல் இருக்கவும் அது உதவும்.

கேள்வி (முலுண்ட் வாசகர்): மாமா ஐபோனில் எடுத்த உபநயன வீடியோ, கணினியில் வெளுத்துப்போய், வேட்டியும் முகமும் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது. போனில் அழகாக இருக்கிறது.

பதில்: அது எச்.டி.ஆர். படம், அதாவது சாதாரணப் படத்தைவிட வெளிச்ச வீச்சு அதிகம் கொண்டது. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் டால்பி விஷன் எச்.டி.ஆர். முறையில் பதிவு செய்யும் வசதி உண்டு, சாதாரணத் திரைகளுக்கான ரெக். 709 என்ற வண்ண அளவுகோலில் அமைந்த டைம்லைனில் அதை அப்படியே வைத்தால் வெளிச்சமான பகுதிகள் வெந்துபோகும். மென்பொருளின் வண்ண மேலாண்மையை இயக்கி, உள்ளீடு எச்.எல்.ஜி. (ஐபோனின் எச்.டி.ஆர். வகை), வெளியீடு ரெக். 709 என்று அமைத்தால் முகம் திரும்பி வரும். மாமாவிடம் அடுத்த விசேஷத்துக்கு முன் கேமரா அமைப்புகளில் 'எச்.டி.ஆர். வீடியோ' என்பதை அணைத்துவிடச் சொல்லுங்கள். அதோடு, அவருடைய கோப்புகள் பழைய கணினியில் திறக்கவே இல்லை என்றால், அதே அமைப்புகளில் 'ஃபார்மட்ஸ்' பகுதியில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எச்.265-க்குப் பதில் எச்.264-இல் பதிவாகும்.

கேள்வி (மாதுங்கா வாசகர்): 2011-இல் என் பெற்றோரின் சஷ்டியப்தபூர்த்தியை ஹேண்டிகேமில் எடுத்து, எம்.டி.எஸ். கோப்புகளை மட்டும் ஹார்டு டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது எடிட் செய்ய உட்கார்ந்தால், ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மந்திரம் ஒரு கணம் அறுந்து போகிறது. ஒரு மென்பொருளில் ஒலியே வரவில்லை. ஆட்கள் நகரும்போது உருவத்தின் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றன.

பதில்: மூன்றும் மூன்று தனிக் காரணங்களால் வருபவை; ஆனால் மூன்றுக்கும் ஊற்று ஒன்றே, எம்.டி.எஸ். கோப்புகளை எழுதும், 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. என்ற பதிவு முறை.

அந்த நாளைய மெமரி கார்டுகளின் கோப்பு முறைக்கு ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. ஆகவே கேமரா நீண்ட காட்சியை அந்த வரம்புக்குள் துண்டு துண்டாக எழுதியது. எந்தத் துண்டுக்குப் பின் எது, எங்கே சேரவேண்டும் என்ற விவரத்தைப் பக்கத்தில் சிறு சிறு துணைக் கோப்புகளில் குறித்து வைத்தது. ஒலியின் ஒரு பொட்டலம் முதல் துண்டில் தொடங்கி அடுத்த துண்டில் முடிந்திருக்கக்கூடும். கார்டில் உள்ள 'பிரைவேட்' என்ற ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்து, பிரீமியரில் மீடியா பிரவுசர் வழியாகத் திறந்திருந்தால் துண்டுகள் ஒரே காட்சியாக இணைந்து வந்திருக்கும். நீங்கள் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டு குழம்பை விட்டுவந்தீர்கள். வருந்த வேண்டாம், அந்தத் துணைக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்தவர்களில் நானும் ஒருவன். ஒரு சீமந்தத்தில் நலங்குப் பாட்டின் நடுவே விழுந்த விக்கலை மறைக்க ஒரு பகல் முழுக்கச் செலவானது.

எம்.டி.எஸ். கோப்புகளின் நல்ல குணம், அவற்றை மீண்டும் சுருக்காமல், முனையோடு முனை ஒட்டிவிடலாம் என்பது. ஷட்டர் என்கோடரில் கோப்புகளை எண் வரிசையில் சேர்த்து 'மெர்ஜ்' என்ற செயலைக் கொடுங்கள். ஒரே இடைவிடாத காட்சியின் துண்டுகளை மட்டும் ஒன்றாக ஒட்டவேண்டும். எது எதோடு சேரும் என்பதை அளவே காட்டிக்கொடுக்கும்: ஏறக்குறைய ஒரே பெரிய அளவில் இரண்டு மூன்று கோப்புகள் அடுத்தடுத்து இருந்து, பிறகு சிறியதாக ஒன்று வந்தால் அந்த வரிசை ஒரு காட்சி.

ஒலி வராததற்குக் காரணம், அது டால்பியின் ஏ.சி.-3 முறையில் இருப்பது. எல்லா எடிட்டர்களும் அதைத் திறப்பதில்லை. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் பி.சி.எம். என்ற சுருக்காத ஒலியாக மாற்றினால் போதும். சீப்புக் கோடுகள், படம் இன்டர்லேஸ் முறையில் இருப்பதால் வருபவை: விநாடிக்கு 50 அரைப் படங்கள், ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். மென்பொருள் இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், அரைப்படத்துக்கு அரைப்படம் நகர்ந்த கை சீப்பாகத் தெரியும். கோப்பின் இயல்பை 'அப்பர் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' என்று அமைத்து, அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள். விநாடிக்கு 50 முழு ஃபிரேமாக மாற்றும் தேர்வு இருந்தால் அதையே எடுங்கள்; அந்தக் காலத்துக் கேமராவின் வழவழப்பான அசைவு அப்படியே நிற்கும். மினி டி.வி. டேப்பிலிருந்து எடுத்த பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால், அவற்றுக்கு இது தலைகீழ்: 'லோயர் ஃபீல்டு ஃபர்ஸ்ட்'. மாற்றி அமைத்தால் கூட்டத்தில் எல்லோரும் முன்னே ஓரடி பின்னே அரையடி வைத்து நடப்பதுபோல் இருக்கும்.

கேள்வி (காட்கோபர் வாசகி): கோப்பின் பெயரில் எம்.கே.வி. என்பதை அழித்து எம்.பி.4 என்று எழுதினேன். அப்போதும் பிரீமியரில் திறக்கவில்லை. நான் டியூஷன் வகுப்புகளைத் திரைப்பதிவாக ஓ.பி.எஸ். என்ற மென்பொருளில் எடுக்கிறேன்.

பதில்: எம்.கே.வி.யும் எம்.பி.4 போல ஒரு டப்பாதான், மூடியில் வேறு பெயர் எழுதியதால் டப்பா மாறிவிடாது. ஓ.பி.எஸ்.ஸிலேயே ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' என்று இருக்கிறது. அது படத்தைத் தொடாமல் உண்மையாகவே எம்.பி.4-க்குள் மாற்றி வைக்கும், சில விநாடி வேலை. இதற்காகப் பதிவையே நேராக எம்.பி.4-இல் செய்ய வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது பிழைக்கும்.

கேள்வி (அந்தேரி வாசகர்): லினக்ஸில் ரிசால்வ் இலவசப் பதிப்பை நிறுவினேன். ஒரு எம்.பி.4 கூடத் திறக்கவில்லை.

பதில்: லினக்ஸில் இலவசப் பதிப்புக்கு எச்.264, எச்.265 இரண்டுமே கிடையாது. எல்லாவற்றையும் டி.என்.எக்ஸ்.எச்.ஆர். படமாகவும் பி.சி.எம். ஒலியாகவும் மாற்றிக்கொண்டு வேலை செய்யலாம். அவ்வளவு பாடு எதற்கு என்றால் கே.டென்லைவ் என்ற இலவச எடிட்டருக்கு மாறுங்கள், அது எஃப்.எஃப்.எம்.பெக் என்ற கோடெக் கருவித்தொகுப்பின் மேல் கட்டப்பட்டது, ஏறக்குறைய எதைக் கொடுத்தாலும் திறக்கும். வண்ணம் திருத்துவதில் ரிசால்வுக்கு அது ஈடில்லை என்றாலும் வெட்டி ஒட்டுவதற்கு ஒரு குறையுமில்லை.

கேள்வி (டோம்பிவிலி வாசகர்): மாங்கல்யதாரணத்தின்போது கேமராவின் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. அந்த ஒரு கோப்பு மட்டும் எந்த மென்பொருளிலும் திறக்கவில்லை. அளவு 3 கிகாபைட்டுக்கு மேல் காட்டுகிறது. மற்றவை எல்லாம் சரியாக இருக்கின்றன. கல்யாண வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: இன்னும் சில நாள் சொல்லாமல் இருக்கலாம், அளவு 3 கிகாபைட் காட்டுகிறது என்றால் படம் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. எம்.பி.4, எம்.ஓ.வி. கோப்புகளில் எந்த ஃபிரேம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. கேமராக்கள் அதைப் பொதுவாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதி முடிக்கின்றன. பேட்டரி போனதால் அட்டவணை எழுதப்படவில்லை. புத்தகம் முழுக்க அச்சாகிவிட்டது. பக்க எண்ணும் பொருளடக்கமும்தான் இல்லை. அதனால்தான் எந்த மென்பொருளும், கோடெக் மாற்றும் கருவிகள் உட்பட, அதைத் தொட மறுக்கின்றன. ஹேண்ட்பிரேக்கில் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் கார்டில் உள்ள எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் போட்டு, கார்டை அதே கேமராவில் செருகி இயக்குங்கள். சில கேமராக்கள் முடிவுபெறாத கோப்பைக் கண்டதும் சரிசெய்யட்டுமா என்று தாமே கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு அது முடியும்வரை பொறுத்திருங்கள். கேட்கவில்லை என்றால் அன்டிரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதற்கு உடைந்த கோப்போடு, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றையும் மாதிரியாகக் கொடுக்கவேண்டும். நல்ல கோப்பின் அமைப்பைப் பார்த்து, உடைந்ததன் அட்டவணையை அது புதிதாக எழுதும். அதே முகூர்த்தத்தில் சற்று முன் எடுத்த காசியாத்திரையோ ஊஞ்சலோ மாதிரிக்குச் சரியாக இருக்கும். அமைப்பு என்பதில் கவனம் வேண்டும்: மாதிரி 25 ஃபிரேமில் இருந்து, உடைந்தது 50-இல் எடுக்கப்பட்டிருந்தால் திரும்பி வரும் படம் அலங்கோலமாக இருக்கும். பேட்டரி போவதற்கு முந்தைய ஓரிரு விநாடிகள் கிடைக்காமல் போகலாம். மூன்றாவது முடிச்சுக்குப் பிறகா முன்பா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இதுவும் பலிக்காவிட்டால் மீட்பு வேலை செய்யும் ஆட்களிடம் கொடுக்க அசல் கார்டு வேண்டியிருக்கும். அதுவரை அதில் வேறு எதையும் பதிவு செய்யாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். பக்கவாட்டில் உள்ள பூட்டைக் கீழே தள்ளி, ஒரு காகித உறையில் போட்டு, மேலே கல்யாணத் தேதியை எழுதி பீரோவில் வையுங்கள்.